வெள்ளத்தை அளந்த ரேடாரும் வெள்ளத்தை வரைந்த ஏ.ஐ.யும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ரேடார் படங்களும் செயற்கை நுண்ணறிவும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னபோது முதலில் தயங்கினேன். நான் விண்வெளி ஆய்வாளர் இல்லை. தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. ஆனாலும் எங்கள் பள்ளி ஹைடெக் ஆய்வகத்தில் நடந்த ஒரு வகுப்பைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த வகுப்பில் நான் தவறு செய்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் என்னைத் திருத்தினாள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள். இந்த அரங்கில் இருக்கும் பலர் அந்த நாட்களில் வகுப்பறைகளைத் திறந்துவிட்டு, முகாமுக்குச் சோறு வடித்தவர்கள்.

கடந்த ஆண்டு, இயற்கைப் பேரிடர் பற்றிய பாடத்தின்போது அந்த வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்களை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வெள்ளம் வடியாமல் நின்ற நாட்களில் எடுத்த ஒரு படத்தைத் தேடி எடுத்தேன். கருப்பு வெள்ளையில், மணலை அள்ளித் தூவியதுபோலப் பொறிப் பொறியாக இருந்தது. எனக்கே சரியாகப் புரியவில்லை. அதை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றி, 'வெள்ளம் சூழ்ந்த இடங்களைச் சொல்' என்று தமிழிலேயே கேட்டேன்.

நொடியில் பதில் வந்தது. அழகான தமிழ். கருப்பாக இருப்பவை எல்லாம் வெள்ளம், பளிச்சென்று இருப்பவை தண்ணீர் ஏறாத குடியிருப்புகள் என்று எண் போட்டு எழுதியிருந்தது. நான் அதைத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள்.

"டீச்சர், அந்த வெள்ளையா இருக்கது எங்க தெரு. அங்க தண்ணியே வரலன்னுல்லா போட்டிருக்கு. அன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நாங்க முகாம்லதான இருந்தோம்."

பக்கத்தில் இருந்த பையன் உடனே இன்னொன்றைச் சொன்னான். "அந்தக் கருப்பு, எங்க அப்பா வேலை செய்த உப்பளம் டீச்சர். அது எப்பவுமே அப்படித்தான் இருக்கும்."

தண்ணீர் நின்ற தெருவை 'நனையாத இடம்' என்றும், உப்பளத்தை 'வெள்ளம்' என்றும் அந்தச் செயலி சொல்லியிருந்தது. நானும் அதையே வகுப்பில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மாணவி உட்காரும்போது மெதுவாகக் கேட்டாள்: "இதை வச்சு நிவாரணம் குடுத்தா எங்க தெரு விட்டுப்போயிரும்லா டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. தேடிப் படித்து, இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில் பதில் சொன்னேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ரேடார் எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சாதாரணக் கேமரா சூரிய ஒளியில் பார்க்கிறது. இரவில் அதற்குப் பார்வை இல்லை. மேகம் வந்தாலும் பார்வை இல்லை. டிசம்பர் மழை நாளில் கேமரா செயற்கைக்கோள் நம் மாவட்டத்தைப் படம் எடுத்தால் மேகம்தான் கிடைக்கும். ரேடார் தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைத் தானே வாங்குகிறது. சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் கோவில்பட்டித் தீப்பெட்டியின் நீளம். மேகத் துளிகள் அதைவிடப் பல மடங்கு சிறியவை. அதனால் அலை மேகத்தைக் கடந்து போய்விடும். இரவு, பகல் வேறுபாடும் கிடையாது.

சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளில் 12 மீட்டர் நீள ஆன்டெனாதான் இருக்கிறது. அதை மட்டும் நம்பினால், பல கிலோமீட்டர் அகலப் பரப்பு ஒரே புள்ளியாகக் கலங்கித் தெரியும். எனவே செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே வாங்கும் எதிரொலிகளை எல்லாம் கணக்கின் மூலம் ஒன்றுசேர்த்து, மிக நீளமான ஓர் ஆன்டெனா பார்த்ததுபோல நுட்பமான படமாக மாற்றுகிறார்கள். கார்ல் வைலி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1951-இல் இந்த வழியைக் கண்டறிந்தார். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இந்த ரேடாரைச் 'சார்' என்கிறார்கள். நாம் பள்ளியில் நாள் முழுவதும் கேட்கும் சொல்தான்! இஸ்ரோவும் 2012-இல் ரிசாட்-1, 2022-இல் இ.ஓ.எஸ்-04 என்று இவ்வகைச் செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

இனி, அந்தத் தெரு ஏன் வெள்ளையாகத் தெரிந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலும் செய்யலாம். இரண்டு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு வெள்ளைத் துணி, ஃபிளாஷ் உள்ள ஒரு கைபேசி போதும்.

அறையை இருட்டாக்குங்கள். தரையில் ஒரு கண்ணாடியைப் படுக்க வையுங்கள். பக்கத்தில் துணியை விரியுங்கள். நேர் மேலிருந்து எடுக்காமல், சாய்வாகப் பிடித்து ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். கைபேசிதான் இங்கே நம் செயற்கைக்கோள். ஒளியை அனுப்புவதும் அதுதான், வாங்குவதும் அதுதான். படத்தில் துணி வெளிச்சமாகவும் கண்ணாடி கருப்பாகவும் இருக்கும். குழந்தைகள் ஆச்சரியப்படுவார்கள். பளபளப்பான கண்ணாடி எப்படிக் கருப்பானது? அது ஒளியை மறுபக்கம் அனுப்பிவிட்டது. நம்மிடம் எதுவும் திரும்பி வரவில்லை. அமைதியான நீர்ப்பரப்பு ரேடாரில் கருப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். உப்பளப் பாத்தியும் சமமான பரப்பு. அதனால் அதுவும் கருப்பு. நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயலும் அப்படியே.

அடுத்து, இரண்டாவது கண்ணாடியை முதல் கண்ணாடியின் மறுகோடியில், உங்களை நோக்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதே இடத்திலிருந்து மறுபடியும் படம் எடுங்கள். இந்த முறை கண் கூசும் அளவுக்கு வெளிச்சம் திரும்பி வரும். தரைக் கண்ணாடியில் பட்ட ஒளி சுவர்க் கண்ணாடியில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. தெருவில் தண்ணீர் நிற்கிறது, இரு பக்கமும் வீட்டுச் சுவர் இருக்கிறது என்றால் ரேடார் அலைக்கும் இதுவே நடக்கும். நீரில் பட்டுச் சுவரில் மோதி நேராகத் திரும்பிவிடும். ஆகவே வெள்ளம் நிற்கும் குடியிருப்பு, வெள்ளம் இல்லாத நாளைவிடக் கூடுதல் வெள்ளையாகத் தெரியக்கூடும்.

இந்தச் சோதனையைச் செய்து காட்டிய பிறகு, மழைக்கு முந்தைய படத்தையும் வெள்ளப் படத்தையும் அருகருகே வைத்தோம். உப்பளம் இரண்டிலும் கருப்பு. அந்த மாணவியின் தெருப் பகுதி முன்பு மங்கலான வெள்ளை. வெள்ளப் படத்தில் பளிச்சென்ற வெள்ளை. வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. ஆனால் ஒன்றையும் சேர்த்தே சொன்னேன். இது ஒரு தடயம்தான். முடிவான சான்று ஆகாது. தெரு எந்தத் திசையில் போகிறது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து இது மாறும். அந்த மாணவியின் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கும் நீர்க்கறை, இந்தத் தடயத்தை உறுதிப்படுத்தியது.

சரி, அந்தச் செயலி ஏன் தவறியது? அதற்குப் பொய் சொல்லும் நோக்கம் ஏதும் இல்லை. உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு, கோடிக்கணக்கான எழுத்துகளிலும் படங்களிலும் எதற்குப் பக்கத்தில் எது வரும் என்று பழகியது. 'ரேடார் படம், கருப்பு' என்றால் 'வெள்ளம்' என்ற சொல் அடிக்கடி வரும், அதை எழுதியது. எங்கள் ஊரில் உப்பளம் எங்கே இருக்கிறது, செயற்கைக்கோள் எந்தப் பக்கமிருந்து பார்த்தது, மழைக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதை நானும் கொடுக்கவில்லை, அதுவும் கேட்கவில்லை. தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளாமல் பொருத்தமாகத் தோன்றுவதை இட்டு நிரப்பிவிட்டது. பாடம் படிக்காமல் வந்து, விடைத்தாளை மட்டும் நிறைத்துவிட்டுப் போகும் மாணவனை நாம் பார்த்ததில்லையா?

எழுத்தை விடப் படத்தில் இது இன்னும் சிக்கலானது. அதே வகுப்பில் நான் இன்னொன்றும் செய்திருந்தேன். 'இந்த ரேடார் படத்தை வண்ணப் புகைப்படமாக மாற்று' என்று கேட்டிருந்தேன். ஓட்டு வீடுகள், தென்னை மரங்கள், செம்மண் நிறத்தில் ஓடும் தண்ணீர் என்று அருமையான படம் வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பின்னர்தான் யோசித்தேன். நாங்கள் பார்த்த ரேடார் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். எங்கள் ஊர்த் தெருவின் அகலம் அதில் பாதிகூட இல்லை. அந்தப் படத்தில் ஓட்டு வீடு எப்படித் தெரியும்? தென்னை மட்டை எப்படித் தெரியும்? ரேடாருக்கு நிறமே தெரியாதே, தண்ணீர் செம்மண் நிறம் என்று யார் சொன்னது? அத்தனையும் வரைந்து சேர்த்தவை.

ரேடார் படத்தை வண்ணப் படமாக மாற்றும் முயற்சி விளையாட்டு வேலை அல்ல. ஆய்வாளர்கள் தீவிரமாகச் செய்து வருவது. இயன் குட்ஃபெல்லோவும் அவருடைய குழுவினரும் 2014-இல் முன்வைத்த ஒரு முறையில், ஒரு கணினி வலையமைப்பு படம் வரையும். இன்னொன்று அது உண்மைப் படமா, வரைந்த படமா என்று கண்டுபிடிக்கப் பார்க்கும். இரண்டும் போட்டி போட்டுப் போட்டு, வரைவது தேறிவிடும். 2018-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள், ஒரே இடத்தின் ரேடார் படத்தையும் கேமரா படத்தையும் இணை சேர்த்து, 2,82,384 இணைகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். இத்தகைய தொகுப்புகளில் பயிற்சி பெற்ற மாதிரிகள், மேகம் மறைத்த இடத்தின் தோற்றத்தை ஊகிக்க உதவுகின்றன. ரேடார் படத்தில் பொறிப் பொறியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கவும் செயற்கை நுண்ணறிவு பயன்படுகிறது. ஆனால் அங்கேயும் ஆபத்து உண்டு. பொறியைத் துடைக்கும்போது சிறு படகு போன்ற ஒற்றைப் புள்ளியும் சேர்ந்து துடைபட்டுப் போகலாம். அதனால் மாற்றிய படத்தை மூலப் படத்தோடு ஒப்பிடாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

அப்படியென்றால் வகுப்பறையில் ஏ.ஐ. வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நான் இப்போதும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதனிடம் கொடுக்கும் வேலையை மாற்றிக்கொண்டேன். முன்பு 'நீயே அளந்து சொல்' என்றேன். இப்போது 'நாங்கள் அளக்க உதவு' என்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் ஊர்க் குளம் கோடையில் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று அறிய விரும்பினோம். 'இரண்டு படத்திலும் குறிப்பிட்ட அளவைவிடக் கருப்பாக இருக்கும் பிக்சல்களை எண்ணும் பைத்தான் நிரல் ஒன்றை, ஒவ்வொரு வரிக்கும் தமிழ் விளக்கத்தோடு எழுதிக் கொடு' என்று கேட்டேன். கொடுத்தது. அதைக் கணினியில் ஓட்டினோம். ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர். 100 பிக்சல் ஒரு ஹெக்டேர். கோடைப் படத்தில் 1,500 கருப்புப் பிக்சல், மழைக்காலப் படத்தில் 4,000 என்று வைத்துக்கொள்வோம். குளம் 15 ஹெக்டேரிலிருந்து 40 ஹெக்டேராகப் பெருகியிருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். அதே நிரலை எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான் வரும். கட்டம் போட்ட தாளில் ஒரு மூலையை எடுத்து மாணவர்களே எண்ணிப் பார்த்து நிரலைச் சோதிக்கலாம். தவறு இருந்தால் எந்த வரியில் என்று காட்டலாம். வரைந்து தந்த வண்ணப் படத்தில் இப்படி எந்தச் சோதனையும் செய்ய முடியாது.

உங்கள் பள்ளியில் செய்து பார்க்க விரும்புவோருக்காக, நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன்.

முதலாவது, ஹைடெக் ஆய்வகத்தில் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தைத் திறந்து, சென்டினல்-1 படங்களில் உங்கள் ஊரைத் தேடுங்கள். ஒரு கோடை நாள், ஒரு மழைக்கால நாள் என இரண்டு தேதிகளை எடுங்கள். தேதியைக் கரும்பலகையில் எழுதுங்கள். 2023 டிசம்பரில் சென்டினல்-1 வரிசையில் ஒரு செயற்கைக்கோள்தான் இயங்கியது. அதே பாதைக்கு அது மீண்டும் வர 12 நாள் ஆகும். வெள்ளம் உச்சத்தில் இருந்த நேரமும் அது கடந்த நேரமும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. படத்தில் வெள்ளம் இல்லை என்றால், அந்த நேரத்தில் இல்லை என்று மட்டுமே பொருள்.

இரண்டாவது, ஏ.ஐ.யிடம் கேட்பதற்கு முன் மாணவர்களைக் கேளுங்கள். அச்சிட்ட படத்தில் குளம், வயல், ஊர், உப்பளம் எனப் பென்சிலால் குறிக்கட்டும். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடட்டும். அந்தக் கேள்விக்குறிக்கும் மதிப்பெண் கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்குவதும் நம் வேலைதானே.

மூன்றாவது, ஏ.ஐ.யிடம் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: 'படத்தில் நேரடியாகத் தெரிவதை ஒரு பட்டியலாகவும், நீ ஊகிப்பதை இன்னொரு பட்டியலாகவும் எழுது. இந்த இடம் கருப்பாக இருக்க வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்றும் சொல்.' இப்படிக் கேட்டாலும் முதல் பட்டியலிலும் ஊகம் கலந்து வரலாம். அந்தக் கலப்பைக் கண்டுபிடிப்பதே மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

நான்காவது, நேரில் போய்ப் பாருங்கள். குளத்துக் கரை, வாய்க்கால், வீட்டுச் சுவரின் நீர்க்கறை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பையனின் ஆச்சி, தண்ணீர் எந்த வாசல்படி வரை ஏறியது என்று வீடு வீடாகச் சொன்னார். அந்தக் குறிப்பேடு இன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது.

ஐந்தாவது, ஏ.ஐ. வரைந்த எந்தப் படத்தைப் பயன்படுத்தினாலும் அதன் கீழே 'ஏ.ஐ. வரைந்தது, அளவீடு அல்ல' என்று மாணவர் கையாலேயே எழுத வையுங்கள். பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி, முகம் தெரியும் படம் எதையும் இந்தச் செயலிகளில் ஏற்றாதீர்கள்.

தொடக்கப்பள்ளி நண்பர்களுக்குக் கணினி இல்லாவிட்டாலும் கண்ணாடிச் சோதனை இருக்கிறது. 'கருப்பாகத் தெரிவதெல்லாம் இருட்டு இல்லை' என்று ஐந்தாம் வகுப்பில் புரிந்துகொண்ட குழந்தை, ஒன்பதாம் வகுப்பில் என்னைப் போன்ற ஆசிரியரைத் தைரியமாகத் திருத்தும்.

நிறைவாக, அந்த மாணவியின் கேள்விக்கு நான் சொன்ன பதில். "படத்தை மட்டும் பார்த்து, யாரும் நேரில் வராமல் முடிவெடுத்தால் உன் தெரு விட்டுப்போகத்தான் செய்யும். அதனால் படத்தைப் படிக்கவும், தவறு இருந்தால் எழுந்து சொல்லவும் தெரிந்த ஒருவர் அந்தத் தெருவில் இருக்க வேண்டும்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நான் படிக்கேன் டீச்சர்" என்றாள். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். ஊர்க் குளத்தின் இந்த ஆண்டுக் கணக்கை அவளுடைய குழுதான் எடுத்துக்கொண்டிருக்கிறது.